கடத்தலா, மிரட்டிப் பறித்ததா, கொள்ளையா: ஒரு சம்பவத்தைச் சட்டப்படி பிரித்தறியும் முறை

"பூட்டிய வீட்டில் 40 பவுன் நகை கொள்ளை" என்ற தலைப்பை நாளிதழில் காணாத வாரமே இராது. செய்தியைப் படித்தால் வீட்டார் ஊருக்குப் போயிருந்தார்கள், பின்பக்கக் கதவு உடைக்கப்பட்டிருந்தது, பீரோ திறந்து கிடந்தது என்று இருக்கும். அடிபட்டவர் எவரும் இல்லை, அச்சுறுத்தப்பட்டவரும் இல்லை. குற்றவியல் சட்டம் இதைக் கொள்ளை என்று அழைக்காது. இது வீட்டை உடைத்துப் புகுந்து செய்த திருட்டு. காவல் நிலையத்துப் பேச்சில் கன்னக்களவு. அடுத்த பக்கத்தில் "தங்கக் கடத்தல்", அதற்குக் கீழே "மணல் கடத்தல்", இன்னும் கீழே "தொழிலதிபர் கடத்தல்" என்று மூன்று செய்திகள் இருக்கலாம். தமிழில் சொல் ஒன்றுதான். சட்டத்தில் மூன்றும் ஒன்றையொன்று தொடுவதுகூட இல்லை. சட்டம் பயிலத் தொடங்கும் மாணவரும், முதல் புகாரை எழுத உட்காரும் இளம் வழக்கறிஞரும், காவல் பணித் தேர்வுக்குப் படிப்பவரும் முதலில் தடுமாறுவது இந்தச் சொற்பழக்கத்தில்தான். ஆகவே சம்பவத்தின் பெயரைக் கேட்டவுடன் பிரிவைத் தேடாமல், நடந்ததை அதன் வரிசைப்படி பிரித்துப் பார்க்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது; அதற்கு முன் நடந்த குற்றங்களுக்கு 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமே பொருந்தும். புகார் கொடுத்த நாளையோ விசாரணை தொடங்கிய நாளையோ பார்க்காமல், குற்றம் நடந்த நாளைப் பார்த்தே இது முடிவாகும். இது வெறும் எண் மாற்றமாக நின்றுவிடாது. அச்சுறுத்திப் பறித்தலுக்குப் பழைய 384ஆம் பிரிவு 3 ஆண்டு வரைதான் சிறைத்தண்டனை விதித்தது. புதிய 308ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு அதை 7 ஆண்டு வரை உயர்த்தியிருக்கிறது. 2024 ஜூன் 30ஆம் தேதி நடந்த மிரட்டலுக்குப் புதிய தண்டனையைக் கேட்க முடியாது.

பெயர்களையும் இங்கேயே உறுதி செய்துகொள்வோம். கொள்ளை என்று நான் எழுதுவது, காவல் துறையினர் பெரும்பாலும் வழிப்பறி என்று சொல்லும் குற்றத்தை. அது 309ஆம் பிரிவு, பழைய 390, 392. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் அது கூட்டுக்கொள்ளை, 310ஆம் பிரிவு. அச்சுறுத்திப் பறித்தல் 308. ஆளைக் கொண்டுபோகும் குற்றங்களில், சட்டத் தமிழ் ஆட்கவர்தல், ஆட்கடத்தல் என்று இரண்டைப் பிரிக்கிறது. பேச்சு வழக்கு இரண்டையும் கடத்தல் என்றே சொல்லிவிடுகிறது. முன்னது 137, பின்னது 138. இவற்றோடு சேர்த்துக் குழப்பப்படும் மனித வணிகம், அதாவது சுரண்டுவதற்காக ஆட்களைத் திரட்டுவதும் கொண்டுசெல்வதும், 143ஆம் பிரிவில் தனியாக உள்ளது. இந்தக் கட்டுரை அதைத் தொடவில்லை.

பொருள் யார் கையால் போனது?

பொருளைப் பற்றிய குற்றமானால் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: குற்றவாளி தானே எடுத்தாரா, அல்லது பாதிக்கப்பட்டவர் தம் கையால் கொடுத்தாரா?

தானே எடுத்திருந்தால் அடிப்படை திருட்டு. ஒருவருடைய கைவசத்தில் இருக்கும் அசையும் பொருளை, அவருடைய சம்மதமின்றி, நேர்மையற்ற நோக்கத்தோடு, எடுப்பதற்காக நகர்த்துவதே திருட்டு என்று 303ஆம் பிரிவு வரையறுக்கிறது. நிரந்தரமாகத் தமதாக்கிக்கொள்ளும் எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. விமானப்படைப் பயிற்சி மாணவர் ஒருவர் அனுமதியின்றி ஒரு விமானத்தையே ஓட்டிச் சென்று பாகிஸ்தானில் இறக்கிய வழக்கில், தற்காலிகமாக எடுத்ததும் திருட்டே என்று 1957இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "திருப்பிக் கொடுக்கத்தான் இருந்தேன்" என்ற பதில் இந்தக் குற்றத்தில் பெரிதாக உதவாது.

பாதிக்கப்பட்டவர் தாமே கொடுத்திருந்தால், ஏன் கொடுத்தார் என்று கேட்க வேண்டும். ஏமாந்து கொடுத்திருந்தால் மோசடி, 318ஆம் பிரிவு. அஞ்சிக் கொடுத்திருந்தால் அச்சுறுத்திப் பறித்தல். திருட்டில் சம்மதமே இல்லை. பறித்தலில் சம்மதம் இருக்கிறது, ஆனால் அது அச்சத்தால் வளைக்கப்பட்ட சம்மதம். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அச்சுறுத்திப் பறித்தலுக்கு வேண்டியவை: தீங்கு நேரும் என்ற அச்சத்தை வேண்டுமென்றே உண்டாக்குதல், அந்த அச்சத்தின் மூலம், நேர்மையற்ற நோக்கத்தோடு, ஒரு பொருளையோ மதிப்புள்ள ஆவணத்தையோ ஆவணமாக மாற்றத்தக்க கையெழுத்திட்ட தாளையோ எவரிடமாவது ஒப்படைக்கச் செய்தல். தீங்கு என்பது உடலுக்கு மட்டுமன்று. மனம், நற்பெயர், சொத்து ஆகியவற்றுக்குச் சட்டவிரோதமாக விளைவிக்கப்படும் கேடும் அதில் அடங்கும். படத்தை உருமாற்றி இணையத்தில் விடுவேன் என்பதும், கடையைக் கொளுத்துவேன் என்பதும், பொய் வழக்குப் போடுவேன் என்பதும் தீங்குதான். ஆனால் "சட்டவிரோதமாக" என்ற சொல்லை மறந்துவிடக் கூடாது. கொடுத்த கடனைத் திருப்பித் தராவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போவேன் என்று சொல்பவர் யாரையும் அச்சுறுத்திப் பறிக்கவில்லை. வசூலிக்கும் தொகை சட்டப்படி வரவேண்டியதா, பயன்படுத்தும் வழி சட்டம் அனுமதிப்பதா என்ற இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒப்படைத்தல் நடந்தாக வேண்டும் என்பது பலரும் கவனிக்கத் தவறும் உறுப்பு, அதாவது குற்றம் நிறைவுபெற இருந்தாக வேண்டிய கூறு. மிரட்டியவுடனே இந்தக் குற்றம் முழுமை பெற்றுவிடாது. மிரட்டலுக்கு இணங்கிப் பொருள் கைமாறாத நிலையில் அச்சுறுத்திப் பறித்தல் குற்றம் உருவாகாது என்பதை ஐசக் இசங்கா முசும்பா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்காகப் பணம் கொடுக்க மறுத்த வியாபாரிக்கு வழியே இல்லை என்று எண்ண வேண்டாம். பறிப்பதற்காக அச்சத்தில் ஆழ்த்துவதே தனிக்குற்றம்: சாதாரணத் தீங்கைக் காட்டி மிரட்டினால் 308இன் மூன்றாம் உட்பிரிவின்படி 2 ஆண்டு வரையும், மரணத்தையோ கொடுங்காயத்தையோ காட்டி மிரட்டினால் நான்காம் உட்பிரிவின்படி 7 ஆண்டு வரையும் சிறைத்தண்டனை உண்டு. கொலை மிரட்டலுக்கு அஞ்சிப் பணமும் கொடுத்துவிட்டிருந்தால் ஐந்தாம் உட்பிரிவு, 10 ஆண்டு வரை.

கந்துவட்டி வழக்குகளில் இந்த உறுப்பு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். வட்டிக்காரர் ஆட்களோடு வந்து, "கையெழுத்துப் போடாவிட்டால் காலை உடைப்போம்" என்று சொல்லி, நிரப்பாத பத்திரத்தில் கையெழுத்து வாங்கிச் செல்கிறார். கையெழுத்திட்டவர் அஞ்சி, தாமே எழுதி, தாமே கொடுத்தார், இது பறித்தல். அதே வட்டிக்காரர், இரண்டு ஆட்களை விட்டுக் கடன்பட்டவரின் கையைப் பிடித்து அழுத்திப் பெருவிரல் ரேகையைப் பதித்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். இங்கே கடன்பட்டவர் எதையும் கொடுக்கவில்லை. அவருடைய கையை அவர்களே கருவியாக ஆக்கிக்கொண்டார்கள். இத்தகைய சம்பவம் அச்சுறுத்திப் பறித்தல் ஆகாது என்று 1941இலேயே பாட்னா உயர் நீதிமன்றம் கூறியது. அவர்கள் தப்பித்துவிட்டார்கள் என்பது இதற்குப் பொருளன்று. தாக்குதல், குற்றமுறு வன்முறை ஆகிய வேறு குற்றங்கள் நிற்கும்; தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டமும் பொருந்தலாம். புகார் எழுதும்போது "மிரட்டி ரேகை வாங்கினார்கள்" என்று பொதுவாக எழுதிவிட்டால், எது நடந்தது என்பதே தெரியாமல் போய்விடும்.

அச்சம் எப்போதைக்கு?

கொள்ளை தனியாகப் பிறக்கும் குற்றமன்று. ஒவ்வொரு கொள்ளைக்குள்ளும் ஒரு திருட்டோ ஒரு பறித்தலோ இருக்கிறது என்று 309ஆம் பிரிவின் முதல் உட்பிரிவே சொல்கிறது. எனவே கொள்ளையைக் கண்டறிய இரண்டு வழிகள் உள்ளன. உள்ளே இருப்பது எது என்பதைப் பொறுத்து வழி மாறும்.

உள்ளே திருட்டு இருந்தால்: திருடுவதற்காகவோ, திருடும்போதோ, திருடியதைக் கொண்டுபோகும்போதோ, கொண்டுபோக முயலும்போதோ, அதே நோக்கத்துக்காக யாருக்காவது மரணம், காயம், முறையற்ற தடுப்பு ஆகியவற்றை விளைவித்தாலோ விளைவிக்க முயன்றாலோ, அல்லது அவை உடனே நேரும் என்ற அச்சத்தை உண்டாக்கினாலோ அந்தத் திருட்டு கொள்ளை ஆகும். "அதே நோக்கத்துக்காக" என்ற சொற்களில்தான் வழக்குகள் நிற்பதும் விழுவதும். திருடன் கைப்பையோடு ஓடுகிறான். துரத்தியவரைக் கல்லால் அடித்துப் பையோடு தப்புகிறான். பையைக் கொண்டுபோவதற்காக அடித்தான், இது கொள்ளை. மற்றொருவன் பையைப் போட்டுவிட்டு ஓடுகிறான்; பிடிக்க வந்தவரைத் தன் உயிர் தப்பினால் போதும் என்று அடிக்கிறான். இங்கே திருட்டு ஒன்று, காயம் விளைவித்தல் ஒன்று, கொள்ளை இல்லை. முன்பகையால் ஒருவரைக் கொன்றுவிட்டு, பிறகு அவர் கழுத்தில் கிடந்த சங்கிலியைக் கண்டு கழற்றிக்கொண்டவனுடைய வன்முறையும் பொருளுக்காக நடந்ததன்று. அங்கே கொலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, இறந்தவர் உடைமையைக் கையாடுவது பற்றிய 315ஆம் பிரிவு. சங்கிலிக்காகவே கொன்றிருந்தால், காவல் துறையினர் ஆதாயக் கொலை என்று சொல்லும் வழக்கு அது. கொலையும் கொள்ளையும் சேர்ந்தே நிற்கும்.

உள்ளே பறித்தல் இருந்தால் அளவுகோல் கடுமையாகிறது. பறிக்கும் நேரத்தில் குற்றவாளி பாதிக்கப்பட்டவரின் முன்னிலையில் இருக்க வேண்டும். உடனடி மரணம், உடனடிக் காயம், உடனடி முறையற்ற தடுப்பு ஆகியவற்றில் ஒன்றைக் காட்டி அச்சுறுத்த வேண்டும். அந்த அச்சத்தால் பொருள் அப்போதே அங்கேயே ஒப்படைக்கப்பட வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது பறித்தலாகவே நின்றுவிடும். கத்தியைக் காட்டிப் பணப்பையை வாங்கிக்கொள்பவர் கொள்ளையர். "நாளைக்குள் பணம் வராவிட்டால் கத்தி பேசும்" என்று கடைக்கே வந்து சொல்லிவிட்டு, மறுநாள் ஆள் அனுப்பிப் பணம் பெறுபவர் பறித்தவர். மாதந்தோறும் மாமூல் வாங்கும் பேர்வழி பெரும்பாலும் இரண்டாம் வகையில்தான் விழுவார். தொலைபேசியில் கொள்ளை நடக்காது. முன்னிலை என்ற உறுப்பே அங்கு இல்லை.

நடைமுறையில் இந்த இரண்டு வழிகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். 1837இல் தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவைத் தயாரித்த மெக்காலே தலைமையிலான ஆணையம் இதை நன்றாகவே உணர்ந்திருந்தது. ஒருவன் வழிப்போக்கரைப் பிடித்து, கொன்றுவிடுவேன் என்று மிரட்டிக்கொண்டே அவருடைய ஆபரணங்களைக் கழற்றத் தொடங்குகிறான். அவரோ உயிர் பிழைத்தால் போதும் என்று தாமும் கழற்றிக் கொடுக்கிறார். வலக்கைக் காப்பு திருட்டால் போயிருக்கும், இடக்கைக் காப்பு பறித்தலால் போயிருக்கும். சில நிமிடங்கள் கழித்துக் கேட்டால் கொடுத்தவருக்கும் நினைவிராது, வாங்கியவனுக்கும் நினைவிராது என்று அந்த வரைவின் குறிப்புரை வாதிடுகிறது. அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்காகவே இரண்டையும் கொள்ளை என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்தார்கள். சட்ட நூல்களில் எனக்குப் பிடித்த விளக்கங்களில் இதுவும் ஒன்று. நடுங்கும் மனிதரின் நினைவாற்றல் மீது வழக்கைக் கட்டக் கூடாது என்ற பட்டறிவு அதில் இருக்கிறது. ஆகவே கத்தி முனையில் நடந்த சம்பவத்தில், "நீங்கள் கொடுத்தீர்களா, அவர் எடுத்தாரா" என்று சாட்சியைக் குடைந்து ஒரு முரண்பாட்டைக் காட்டினாலும், அதனால் மட்டும் கொள்ளை வழக்கு சரிந்துவிடாது.

தண்டனை, கொள்ளைக்கு 10 ஆண்டு வரை கடுங்காவலும் அபராதமும். நெடுஞ்சாலையில் சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நடந்தால் 14 ஆண்டு வரை. கொள்ளையின்போது வேண்டுமென்றே காயப்படுத்தியிருந்தால் ஆயுள் தண்டனை வரை போகும். கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தியவருக்கு 311ஆம் பிரிவின்படி 7 ஆண்டுக்குக் குறையாத தண்டனை. வெட்டினால்தான் பயன்படுத்தியதாகும் என்பதில்லை. அச்சமூட்டும்படி ஆயுதத்தைக் காட்டியதே போதும் என்று பூல் குமார் வழக்கில் 1975இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் இந்தக் கூடுதல் சுமை ஆயுதத்தைக் கையில் வைத்திருந்தவருக்கு மட்டுமே. உடன் நின்ற அனைவர் மீதும் அதை ஏற்ற முடியாது.

செயின் பறிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய சட்டத்தில் இதற்குத் தனிப் பெயர் கிடையாது. திருட்டிலோ கொள்ளையிலோ எதிலாவது பொருத்த வேண்டியிருந்தது. புதிய சட்டத்தின் 304ஆம் பிரிவு, திடீரென்றோ விரைவாகவோ பலவந்தமாகவோ ஒருவரிடமிருந்து பொருளைப் பறித்துச் செல்வதைத் தனிக் குற்றமாக்கி, 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. பைக்கில் வந்தவர் சங்கிலியை வெடுக்கென்று அறுத்துக்கொண்டு போய்விட்டால் இந்தப் பிரிவு போதும். சங்கிலி அறுபடவில்லை என்று பெண்ணைக் கீழே தள்ளி இழுத்துச் சென்றிருந்தால் 309க்குப் போக வேண்டும். "பலவந்தமாக" என்ற சொல் 304இலேயே இருப்பதால், எங்கே முந்தையது முடிந்து எங்கே பிந்தையது தொடங்குகிறது என்பதில் வாதம் நடக்கும் என்றே தோன்றுகிறது. மருத்துவரின் காயச் சான்றும் கீழே விழுந்த விவரமும் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

ஆள் எப்படி நகர்ந்தார்?

ஆளைக் கொண்டுபோன குற்றமானால் முதல் கேள்வி வயது. 18 நிறையாத குழந்தையையோ, மனநலம் குன்றியவரையோ சட்டப்படியான பாதுகாவலரின் சம்மதமின்றி அவருடைய பாதுகாப்பிலிருந்து கொண்டுபோவதும் ஆசைகாட்டி அழைத்துப்போவதும் ஆட்கவர்தல். பழைய சட்டம் ஆண் பிள்ளைக்கு 16, பெண் பிள்ளைக்கு 18 என்று வேறுபடுத்தியது. புதிய 137ஆம் பிரிவு இருவரையும் குழந்தை என்ற ஒரே சொல்லுக்குள் கொண்டுவந்துவிட்டது. இந்தக் குற்றத்துக்குப் பலாத்காரம் தேவையில்லை, பொய்யும் தேவையில்லை; குழந்தை சிரித்துக்கொண்டே வந்திருந்தாலும் குற்றம்தான். மீறப்படுவது பாதுகாவலரின் உரிமை என்பதால் அவருடைய சம்மதம் மட்டுமே கணக்கில் வரும்.

ஆனாலும் கொண்டுபோதல் என்ற செயல் நடந்திருக்க வேண்டும். சென்னையில் நடந்த சம்பவத்திலிருந்து எழுந்த வரதராஜன் வழக்கில், 18 வயதை எட்டவிருந்த கல்லூரி மாணவி தாமே வீட்டைவிட்டு வெளியேறி, தாம் விரும்பியவரைத் தொலைபேசியில் வரச்சொல்லி, அவரோடு சென்றார். 1964இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒருவரைக் கொண்டுபோவதும் ஒருவர் உடன்வருவதற்கு இடம்கொடுப்பதும் ஒன்றல்ல என்று பிரித்துக் காட்டி, குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. தூண்டுதலோ வாக்குறுதியோ தந்து வெளியேற வைத்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும். காதல் திருமணம் தொடர்பான புகார்களில் இன்றும் முதலில் எடுத்து வைக்கப்படும் தீர்ப்பு இதுவே. சிறு குழந்தையின் விஷயத்தில் இதைப் பயன்படுத்த முனைவது வீண். தன் செயலின் பொருளை அறியும் பக்குவம் உள்ளவர் என்பதே அதன் அடித்தளம்.

ஆட்கடத்தலுக்கு வயது பொருட்டன்று. எவரையும் பலாத்காரத்தால் கட்டாயப்படுத்தியோ ஏமாற்று வழியால் தூண்டியோ ஓரிடத்திலிருந்து போகச் செய்வதே 138ஆம் பிரிவு. "உங்கள் தந்தை மருத்துவமனையில் இருக்கிறார்" என்று பொய் சொல்லி வண்டியில் ஏற்றுவதும் போதும். ஆட்கவர்தல் பாதுகாவலரின் கையைவிட்டு அகன்றதும் முடிந்துவிடும். ஆட்கடத்தலோ, அவரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும்தோறும் தொடரும். இன்னொரு வேறுபாடு தேர்வுகளிலும் நீதிமன்றத்திலும் ஒருசேர ஆட்களைக் கவிழ்க்கிறது: 138ஆம் பிரிவுக்குத் தனித் தண்டனை கிடையாது. அது ஒரு வரையறை மட்டுமே. எதற்காகக் கடத்தினார் என்பதைச் சேர்த்தால்தான் தண்டனைப் பிரிவு கிடைக்கும். கொலை செய்வதற்காக என்றால் 140இன் முதல் உட்பிரிவு. மறைவாக அடைத்து வைப்பதற்காக என்றால் மூன்றாம் உட்பிரிவு. பெண்ணைக் கட்டாயத் திருமணத்துக்கு உட்படுத்த என்றால் 87. பத்து வயதுக்குட்பட்ட குழந்தையின் உடலில் உள்ள நகையைத் திருடுவதற்காக என்றால் 97. "கடத்தினார்" என்று மட்டும் எழுதி நிறுத்திய குற்றச்சாட்டு பாதியில் நின்ற வாக்கியம் போன்றது.

மூன்றும் சந்திக்கும் இடம்

"உன் குழந்தை என் கூட்டத்தாரின் கையில் இருக்கிறது, பத்தாயிரம் ரூபாய் அனுப்பாவிட்டால் கொன்றுவிடுவோம்." இது 1860ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்த எடுத்துக்காட்டு, 309ஆம் பிரிவில் இன்றும் அப்படியே உள்ளது. இது பறித்தல், கொள்ளையன்று என்கிறது சட்டம். குழந்தை அக்கணமே கொல்லப்படும் என்ற அச்சம் உண்டாக்கப்பட்டால்தான் கொள்ளை. அதற்கு நேர் முன்னால் உள்ள எடுத்துக்காட்டில், வழியில் எதிர்ப்பட்ட தந்தையின் கண்ணெதிரே குழந்தையைப் பிடித்துக்கொண்டு, பணப்பையைத் தராவிட்டால் பள்ளத்தில் வீசுவேன் என்கிறான்; அது கொள்ளை. குழந்தை ஒன்றே, அச்சம் ஒன்றே, பணம் ஒன்றே. முன்னிலையும் உடனடித் தன்மையும் மட்டும் மாறியுள்ளன. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்து இரண்டு முறை படித்தவருக்கு இந்தப் பாடத்தில் பெரிய சந்தேகம் மிஞ்சாது. புதிய சட்டத்தை எழுதியவர்கள் 308ஆம் பிரிவிலும் மின்னணுக் கருவி வழியே அனுப்பப்பட்ட இதே போன்ற செய்தியைச் சேர்த்திருக்கிறார்கள். அங்கே தொகை ஒரு லட்சமாகிவிட்டது.

ஆளைப் பிடித்து வைத்துப் பணம் கேட்பதற்கென்று தனிப் பிரிவு 1993இல்தான் வந்தது: பழைய 364-ஏ, இன்றைய 140இன் இரண்டாம் உட்பிரிவு. தண்டனை மரணம் அல்லது ஆயுள் சிறை. குறைந்த தண்டனை என்று ஒன்று அதில் இல்லை. தண்டனை இவ்வளவு கடுமையானது என்பதாலேயே நீதிமன்றங்கள் அதன் உறுப்புகளைத் தராசில் நிறுத்துப் பார்க்கின்றன. ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் பள்ளி மாணவனைக் கொண்டுபோய்த் தந்தையிடம் 2 லட்சம் ரூபாய் கேட்ட ஷேக் அகமது வழக்கில், 2021இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை நீக்கியது. சிறுவன் நல்லபடியாகவே நடத்தப்பட்டிருந்தான்; கொல்வதாகவோ காயப்படுத்துவதாகவோ மிரட்டல் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆளைப் பிடித்ததும் பணம் கேட்டதும் மட்டும் போதாது. இவ்விரண்டுக்கும் நடுவே கொலை அல்லது காய மிரட்டலோ, அவற்றை நியாயமாக அஞ்சவைக்கும் நடத்தையோ, உண்மையான காயமோ மரணமோ இருந்தாக வேண்டும் என்று நீதிமன்றம் விளக்கியது. ஆட்கவர்தலுக்கான தண்டனை மட்டும் நிலைத்தது.

மறுபுறம், கேட்டது குடும்பத்தாரின் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்ற தேவை கிடையாது. பிடிபட்டவரிடமே பணயத்தொகையைச் சொல்லியிருந்தால் போதும் என்று மல்லேஷி வழக்கில் 2004இல் முடிவானது. கேட்பது பணமாகவும் இருக்க வேண்டியதில்லை. அரசையோ வேறு எவரையுமோ ஒன்றைச் செய்ய வைப்பதும் செய்யாமல் தடுப்பதும் அடங்கும். 2000 ஜூலை 30 இரவு தாளவாடி அருகே கஜனூரிலிருந்து நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கொண்டுபோய் 108 நாட்கள் காட்டில் வைத்திருந்தபோது முன்வைக்கப்பட்டவற்றில் கைதிகளை விடுவிக்கும் கோரிக்கையும் இருந்தது. பிரிவின் வாசகம் ஏன் இவ்வளவு அகலமாக எழுதப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

ஒரு கற்பனைச் சம்பவம்

நான்கு பேர் வாடகைக் காரில், அதன் ஓட்டுநரோடு வந்து, வீட்டுமனை காட்டுவதாகச் சொல்லி ஒரு வியாபாரியை ஏற்றிக்கொள்கிறார்கள். ஊர் எல்லை தாண்டியதும் கத்தியை எடுக்கிறார்கள். அவர் விரலில் இருந்த மோதிரத்தை உருவிக்கொள்கிறார்கள். ஏ.டி.எம். முன் நிறுத்தி, இருவர் உடன் நிற்க, அவரையே 40,000 ரூபாய் எடுத்துத் தரச் செய்கிறார்கள். பின் ஒரு தோட்ட வீட்டில் பூட்டி வைத்து, அவர் தம்பிக்குப் பேசி, 5 லட்சம் வராவிட்டால் உடல்தான் வரும் என்கிறார்கள். தம்பி மூன்றாம் நபர் ஒருவரின் கணக்குக்கு 1 லட்சம் அனுப்புகிறார். அதற்குள் காவல் துறை வந்துவிடுகிறது.

வரிசையாகப் பிரிப்போம். பொய் சொல்லி ஏற்றிய அந்தக் கணத்திலேயே ஆட்கடத்தல் தொடங்கிவிட்டது. கத்தி எடுத்தபோதுதான் தொடங்கியது என்று எழுதுவது தவறு. மோதிரம் அவர்களே எடுத்தது, தடுத்து வைத்த நிலையில், உடனடி அச்சத்தில்: திருட்டின் வழியே வந்த கொள்ளை. ஏ.டி.எம். பணம் அவரே எடுத்துக் கொடுத்தது. ஆட்கள் முன்னிலையில், உடனடிக் காயத்துக்கு அஞ்சி, அங்கேயே கொடுத்தார்: பறித்தலின் வழியே வந்த கொள்ளை. தம்பிக்கு வந்த அழைப்பில் முன்னிலை இல்லை. ஆனால் பிடித்து வைத்தலும் கொலை மிரட்டலும் பணயத்தொகைக் கோரிக்கையும் மூன்றும் உள்ளன. 140இன் இரண்டாம் உட்பிரிவு நிறைவாகிவிட்டது, தம்பி ஒரு ரூபாய் அனுப்பாமல் இருந்தாலும். 1 லட்சம் போய்ச் சேர்ந்ததால் 308இன் ஐந்தாம் உட்பிரிவும் சேரும். பணம் வேறொருவர் கணக்குக்குப் போனது தடையாகாது, எவரிடம் ஒப்படைத்தாலும் ஒப்படைத்ததே. வந்தவர் நான்கு பேர் என்பதால் கூட்டுக்கொள்ளை இல்லை. காரை ஓட்டியவரும் சதியில் பங்கேற்று, கொள்ளை நடக்கும் இடத்தில் உடனிருந்து உதவினார் என்று தெரியவந்தால் எண்ணிக்கை ஐந்தாகிவிடும். அப்போது 309 விலகி 310 வரும், தண்டனை ஆயுள் வரை உயரும். ஓட்டுநரை சாட்சியாக வைப்பதா, எதிரியாக (குற்றம் சாட்டப்பட்டவராக) வைப்பதா என்ற முடிவின் கனம் இப்போது புரியும்.

பிணையைப் பொறுத்தும் இந்தப் பிரிப்பு பயன்படும். 137இன் கீழ் வரும் ஆட்கவர்தல் பிணையில் விடத்தக்க குற்றம். பறித்தலும் கொள்ளையும் அவ்வாறு விடத்தக்கவை அல்ல. பணயத்தொகைக்கான கடத்தல் அமர்வு நீதிமன்றத்தில் மட்டுமே விசாரிக்கப்படும்.

புகார் எழுதுபவருக்கு நான் சொல்வது எளியது. பிரிவு எண்ணை எழுத முயல வேண்டாம். "கொள்ளையடித்தார்கள்", "கடத்தினார்கள்" என்ற முடிவுச் சொற்களையும் முடிந்தவரை தவிர்க்கலாம். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் இருந்தார்கள். யார் என்ன சொன்னார், அதே சொற்களில். ஆயுதம் யார் கையில் இருந்தது. ஒவ்வொரு பொருளையும் அவர்கள் எடுத்தார்களா, நீங்கள் கொடுத்தீர்களா. கொடுத்தபோது அவர்கள் எதிரே நின்றார்களா, தொலைபேசியில் இருந்தார்களா. வண்டியில் எப்படி ஏறினீர்கள், என்ன சொல்லி ஏற்றினார்கள் என்பவற்றை நடந்த வரிசையில் எழுதுங்கள். சம்பவம் மூன்று காவல் நிலைய எல்லைகளில் நடந்திருக்கலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி எந்த நிலையத்திலும் புகாரைக் கொடுக்கலாம், எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. பதிவான முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெற்றுக்கொண்டு, நீங்கள் சொன்ன சொற்கள் அதில் அப்படியே இருக்கின்றனவா, "எடுத்தார்கள்" என்றது "கொடுத்தேன்" என்றாகியிருக்கிறதா என்பதை நிலையத்தைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே ஒருமுறை படித்துப் பாருங்கள்.